ஏழாவது ஓட்டை

வாக்குக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் சந்தையில் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை. கண்ணப்பன் கொடுத்த வாக்குக்கு விலை தொள்ளாயிரம் ரூபாய். அதுவும் ஆயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்துப் பேரம் பேசி இறங்கிய விலை.

கண்ணப்பன் பழவேற்காட்டில் நண்டு வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவன். எட்டு வருஷமாக அவனுக்கு முதல் தரமான சேற்று நண்டு கொண்டுவந்து போடுபவள் கோட்டைக்குப்பத்து முனியம்மா. அவள் புருஷன் நீலமேகத்துக்குக் குடலிறக்கம். சென்னையில் ஆபரேஷன் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துப் போகலாம், ஆனால் பத்து நாளைக்கு உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முனியம்மா பச்சைமுத்துவின் வேனுக்கு ஆயிரத்து ஐந்நூறு முன்பணம் கட்டியிருந்தாள். அதைக் கேட்டதும் கண்ணப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"பச்சைமுத்து வேன்லயா? அதுல ஏறினா தையல் மட்டுமா பிரியும், பல்லும் கழண்டுக்கும். என் வண்டி எதுக்கு கீது?"

"அத்த நீ தொடைக்கத்தானே வச்சினு கீறேண்ணா?"

"வேன் வேணாம்னு சொல்லிடு. முன்பணத்துல எது போனாலும் நான் தரேன். பத்து மணிக்கு உம் புருசன் கோயில் வாசல்ல நிப்பாரு. இது கண்ணப்பன் வாக்கு."

பச்சைமுத்து மூக்கால் அழுதுகொண்டு அறுநூறைத் திருப்பிக் கொடுத்தான். மீதித் தொள்ளாயிரத்தைக் கண்ணப்பன் எண்ணி முனியம்மா கையில் வைத்தான். வாக்குக்கு விலை நிர்ணயமானது அப்படித்தான்.

பத்து மணிக்கு என்ன அவசரம் என்றால், அன்றைக்குப் பாடு. ஏரியில் இறால் வலை கட்டுகிற இடங்கள் எல்லாருக்கும் எல்லா நாளும் கிடையாது. முறை வைத்துத்தான் கட்ட வேண்டும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். வருஷத்துக்கு ஒருதரம் அம்மன் கோயில் வாசலில் ஒவ்வொரு தலைக்கட்டின், அதாவது குடும்பத் தலைவனின், பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவன் வந்து, சொந்தக் கையைப் பானைக்குள் விட்டு, ஒரு சீட்டு எடுக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் பாடு கிடையாது. கரையில் நின்று அடுத்தவன் வலையில் விழும் இறாலை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

"நான் கையை உட்டா பானை கடிச்சிடுமா?" என்று முனியம்மா ஊர்க் கணக்கு எழுதும் தெய்வசிகாமணியிடம் போன வாரமே கேட்டுப் பார்த்தாள்.

"வழக்கம் அப்படிம்மா" என்று அவர் முடித்துவிட்டார். வழக்கத்தோடு பேரம் பேச அவளுக்கே வராது.

ஆகவே ஞாயிறு விடியுமுன்பே கண்ணப்பன் காரை எடுத்தான். அந்தக் கார் பிறந்தது ஜெர்மனியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில். கப்பல் ஏஜெண்டாக இருந்த ஒரு பெரிய மனிதர் சென்னையில் செத்துப்போக, அவர் பிள்ளைகள் இடத்தை அடைக்கிறதே என்று விற்றுத் தீர்த்தார்கள். நண்டு வண்டி ஒன்று வாங்கப் போன கண்ணப்பன் அதைக் கண்டு மயங்கினான். கார்புரேட்டர் இல்லாத கார். பெட்ரோலை ஊசி போடுகிற மாதிரி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து பீய்ச்சுகிற ஏற்பாடு; ஆனால் இந்தக் காலத்துக் கார் மாதிரி கம்ப்யூட்டரும் கிடையாது. எல்லாமே இரும்பும் ஸ்பிரிங்கும் காற்றும். பழுது வந்தால் பொன்னேரி மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து, ஒரு கும்பிடு போட்டு, மூடிவிடுவார்கள். ஆனால் சொகுசு என்றால் சொகுசு. சென்னை ரோட்டுப் பள்ளங்களில் அது தொட்டில் மாதிரி ஆடுமே தவிர குதிக்காது.

டாங்கியில் எண்ணெய் அடிமட்டத்தில் இருந்ததால், சென்னை போய்ச் சேர்ந்ததும் ஒரு பெட்ரோல் பங்கில் வாய்வரை நிரப்பினான். ஏழு மணிக்கு நீலமேகத்தைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். தலைக்கு இரண்டு தலையணை, வயிற்றுக்குக் குறுக்கே ஒரு போர்வை. முனியம்மா முன்சீட்டில் மருந்துப் பையோடு உட்கார்ந்தாள்.

"குலுங்குதா மேகண்ணா?" செங்குன்றம் தாண்டியதும் கண்ணப்பன் பெருமையாகக் கேட்டான்.

"ராசா மாதிரி கீறேன்."

ராசாவின் ஆட்சி காரனோடைப் பாலம் வரைக்கும்தான். பாலம் தாண்டியதும் இன்ஜின் ஒரு இருமல் இருமியது. இன்னொன்று. கண்ணப்பன் காலை அழுத்த அழுத்த வண்டிக்கு வேகம் குறைந்தது. ஓரம் கட்டுவதற்குள் நின்றேபோனது.

"இன்னாண்ணா, டீ குடிக்கவா?" என்றாள் முனியம்மா.

கண்ணப்பன் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்தான். கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பழுதான பொருள் பார்க்க ஒழுங்காக இருப்பதைவிடப் பெரிய பேஜார் உலகத்தில் கிடையாது.

"பங்குக்காரன் கலந்துட்டான். தண்ணியோ மண்ணெண்ணெயோ" என்றான்.

இன்ஜின் பக்கத்துக் குழாயின் மரையைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு தண்ணீர் பாட்டிலில் இரண்டு விரல்கடை பெட்ரோல் பிடித்தான். முனியம்மா பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ஊதினாள். முகர்ந்தாள்.

"தண்ணி இருந்தா அடியில நிக்கும். மண்ணெண்ணெ இருந்தா கையில பிசுக்கு நிக்கும். ரெண்டும் இல்ல. பங்குக்காரன திட்டாத, பாவம். சுத்தமான சரக்கு."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள் படகு மோட்டாருக்கு எண்ணெய் வாங்குகிறவள். அவளை ஏமாற்றி விற்றவன் இதுவரை பிறக்கவில்லை.

பின்சீட்டிலிருந்து நீலமேகம் மெல்லச் சொன்னார். "நிக்கிறதுக்கு முன்னாடி என் தலைக்குப் பின்னாடி 'டொக்'குனு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"மயக்க மருந்து இன்னும் தெளியல உனக்கு. கம்முனு படு மேகண்ணா."

இருபது நிமிஷம் போயிற்று. மனம் விட்டுப்போய்ச் சும்மா ஒருதரம் சாவியைத் திருப்பினான். வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக் கிளம்பியது.

"பாத்தியா! சூடு. சூடு இறங்கினதும் கிளம்பிடுச்சு" என்றான் கண்ணப்பன்.

சூடு சரியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் பொறுத்துக்கொண்டது. தச்சூர் கூட்டு ரோட்டில், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தின் கண்ணெதிரே, மறுபடியும் அதே இருமல், அதே மூச்சு முட்டல், அதே நிற்றல். மணி எட்டரை.

"டொக்" என்றார் நீலமேகம் பின்னாலிருந்து, சாட்சி சொல்கிறவர் மாதிரி.

கண்ணப்பன் போனை எடுத்து ஸ்டீபனைக் கூப்பிட்டான். ஸ்டீபன் சென்னையில் பழைய வெளிநாட்டுக் கார்களின் பெட்ரோல் ஊசி ஏற்பாட்டை மட்டுமே பார்க்கிற வைத்தியன். அவனிடம் பேசுவதற்கே கட்டணம் உண்டு.

"சார், மொதல்ல ஃபியூஸ் பாருங்க."

பார்த்தான். நன்றாக இருந்தது.

"பெட்ரோல் பம்புக்கு ஒரு ரிலே கீது. கறுப்பு டப்பா. அத்தப் புடுங்கிட்டு மறுபடி சொருகுங்க."

பிடுங்கினான், சொருகினான், ஒரு தட்டும் தட்டினான். பலனில்லை.

"பானெட்ல காத்து இழுக்கற வாய்ல வட்டமா ஒரு தகடு இருக்கும். வெரலால மேல தூக்குங்க. சிக்குதா?"

"வெண்ணெ மாதிரி போவுது."

போனில் ஸ்டீபன் நீளமாக மூச்சு விட்டான். அந்த மூச்சின் நீளத்தைக் கேட்டதுமே கண்ணப்பனுக்கு விலை வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. நண்டு பெட்டியைப் பார்த்து மொத்த வியாபாரி விடுகிற மூச்சும் அதே நீளம்தான்.

"அப்போ டிஸ்ட்ரிபியூட்டர் போயிருக்கலாம் சார். பெட்ரோலப் பிரிச்சுக் குடுக்கற தலை. ஜெர்மனிலேர்ந்து வரணும். எண்பத்தஞ்சாயிரம்."

"எண்பத்தஞ்சா! நான் கார் கேக்கல ஸ்டீபன், பார்ட்டு கேட்டேன்."

"சார், அது சாதாரண பார்ட்டு இல்ல..."

"அம்பது."

"சார்!"

"அம்பத்தஞ்சு. ரொக்கம்."

முனியம்மா காரிலிருந்து இறங்கி வந்து கண்ணப்பனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் காற்றில் ஏலம் கூறுகிறவன் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தான். அறுபத்திரண்டில் பேரம் முடிந்தது. முடிந்த தெம்பில் சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பிவிட்டது.

"விலை பேசினதும் பயந்துடுச்சு" என்றாள் முனியம்மா. "ஏறு, ஜல்தி. அதுக்கு மறுபடி தைரியம் வர்றதுக்குள்ள போயிடலாம்."

மணி எட்டு ஐம்பத்தைந்து. பொன்னேரியில் நுழையும்போது, இங்கேயே ஒரு ஆட்டோ பிடித்துவிடலாமா என்று அவள் ஒருதரம் யோசித்தாள். ஆட்டோவில் முக்கால் மணி நேரம் குலுங்கினால் தையல் என்ன ஆகும் என்று இன்னொருதரம் யோசித்தாள். கண்ணப்பன் அவளைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, "வாக்கு கொடுத்திருக்கேன்" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் அவனுக்கு உறுத்தியது. முனியம்மா பேரம் பேசாமல் இருந்தால் சரக்கு வேறு ஆளுக்குக் கைமாறிப் போய்விட்டது என்று அர்த்தம்.

பொன்னேரி தாண்டி ரோடு குறுகியது. இரண்டு பக்கமும் நெல் வயல். நடுவில் ஒரு கடைகூட இல்லை. நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சீட்டின் முதுகில் நன்றாகச் சாய்த்துவைத்திருந்தார். தூங்குகிறார் என்று இருவரும் நினைத்தார்கள்.

"அடியில ஒரு மோட்டார் முனவுதே, அது இன்னா?" என்று திடீரெனக் கேட்டார்.

"பெட்ரோல் பம்பு. எப்பவும் கேக்கும்."

"எப்பவும் கேட்ட முனவல் இல்ல இது. இப்போ இறுக்கமா முனவுது. பாரம் இழுக்கற மாதிரி." காதைச் சீட்டோடு ஒட்டி வைத்தார். "இப்போ டொக்குனும். அப்புறம் நிக்கும்."

டொக்.

இந்தத் தடவை கண்ணப்பனுக்கும் கேட்டது. காலியான எண்ணெய் டின்னை யாரோ கட்டைவிரலால் அமுக்கின மாதிரி. இன்ஜின் இருமியது. இரண்டு புளியமரங்களுக்கு நடுவில், திருப்பாலைவனத்துக்கு இன்னும் வெகு தூரம் இருக்கையில், கார் நின்றது.

மணி ஒன்பது இருபது.

எதிரே ஒரு டிராக்டர் செங்கல் ஏற்றிக்கொண்டு வந்தது. முனியம்மா கதவைத் திறந்து இறங்கி, கையைக் காட்டப் போனாள். டிராக்டர் கடகடவென்று ஆடி வந்த அழகைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டாள். அவள் முதுகு மட்டும்தான் கண்ணப்பனுக்குத் தெரிந்தது. ஒரு வருஷத்து இறாலும் அந்த முதுகில்தான் நின்றது.

"முனிம்மா..." என்று ஆரம்பித்தான்.

"ஒண்ணியும் சொல்லாதேண்ணா." அவள் திரும்பவில்லை. "நீ நல்லதுக்குத்தான் சொன்ன. எம் புத்தி எங்க போச்சுன்னுதான் தேடினு கீறேன்."

அவள் திட்டியிருந்தால் கண்ணப்பன் சமாளித்திருப்பான். இதற்கு அவன் இறங்கி, மேல்துண்டால் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

உள்ளேயிருந்து நீலமேகம் கூப்பிட்டார். "கண்ணப்பா, பெட்ரோல் டப்பா எங்க கீது இந்த வண்டில?"

"உனக்கு முதுகுக்குப் பின்னாடிதான். சீட்டுக்கு அந்தப் பக்கம்."

"அப்போ டப்பாதான் ஒடுங்குது."

"எது?"

"நம்ம படகு மோட்டாருக்கு எண்ணெ கேன் வைக்கிறோமில்ல? மூடி மேல சின்னதா ஒரு திருகு இருக்கும், காத்துத் திருகுன்னுவோம். கரையில மூடி வைக்கணும், உப்புத்தண்ணி எறங்காம. மோட்டார் போட்டா தொறந்து உடணும். எண்ணெ வெளிய போறப்போ அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணுமில்ல? மறந்துட்டு ஓட்டினா, கொஞ்ச தூரம் நல்லா போவும். அப்புறம் கேன் கன்னம் ஒட்டிக்கும். மோட்டார் இருமும். நின்னுடும்."

முனியம்மா சட்டென்று திரும்பினாள். "ஆமாம்! கண்ணாலமான புதுசுல அத்தத் தொறக்க மறந்துட்டு மூணு மணி நேரம் கடல்லயே குந்தினு இருந்தியே! எங்க நைனா போய் இழுத்தாந்தாரே!"

"அத்த இப்போ சொல்லணுமா?"

"இருபத்தாறு வருசமா சொல்லாம வச்சிருந்தேன், போ."

கண்ணப்பன் அதற்குள் காரின் பின்பக்கம் போய்விட்டான். பெட்ரோல் மூடியின் மேல் கையை வைத்தான். திருகினான். இறுகிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. மேல்துண்டைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான்.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

கார் மூச்சை உள்ளே இழுத்தது. சோடா பாட்டிலில் வெளியே வருகிற காற்று இங்கே உள்ளே போயிற்று. எவ்வளவு நேரம் போயிற்று என்றால், வயலில் நின்ற கொக்கு ஒன்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற நேரம். கடைசியில் டாங்கியின் தகடு பழைய நிலைக்கு வந்து, டொக்.

"தோ! டப்பா கன்னம் உப்பிடுச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தினார் நீலமேகம். கத்தியதும், "ஐயோ தையல்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணப்பன் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். ஒரே சுற்றில் கிளம்பியது. அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்தபோது, காலையிலிருந்து தோளில் உட்கார்ந்திருந்த யாரோ இறங்கி நடந்து போனது மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்து இரண்டு நிமிஷம் அப்படியே இருந்தான். முனியம்மா வந்து அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அழுவுறியாண்ணா?"

"பெட்ரோல் வாடை. கண்ணு எரியுது."

இனி மூடியை இறுக்க முடியாது; முழுக்கத் திறந்தும் விட முடியாது. தளும்பும், தூசி விழும். கண்ணப்பன் கிழிந்த துண்டைத் தேடினான். முனியம்மா மருந்துப் பையைத் திறந்து, கட்டு மாற்ற ஆஸ்பத்திரியில் கொடுத்த வலைத்துணிச் சுருளை எடுத்தாள். நான்காக மடித்து டாங்கி வாயில் போர்த்தி, வலை முடிகிற விரல்களால் ஒரு முடிச்சுப் போட்டாள். காற்று போகும், மண் போகாது.

"நல்லா கட்டினே. உம் புருசனுக்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியம்" என்றான் கண்ணப்பன்.

"சிரிக்க வைக்காதீங்கடா" என்று கெஞ்சினார் நீலமேகம்.

கார் ஓடியது. ஜன்னல்கள் நான்கும் திறந்திருந்தன. வயல் காற்றும் பெட்ரோல் வாடையும் கலந்து அடித்தன. ஐந்து கிலோமீட்டர் ஆயிற்று, இருமல் இல்லை. எட்டு ஆயிற்று. பம்பு அதன் பழைய சாதுவான குரலில் முனகியது. கண்ணப்பனுக்குப் பாட்டு வந்தது, பாடினான். வார்த்தை தெரியாத இடத்தில் நண்டு விலைகளைப் போட்டு நிரப்பினான்.

திருப்பாலைவனம் தாண்டியதும் முனியம்மா கேட்டாள். "எல்லாம் சரிண்ணா. நாப்பது வருசமா மூச்சு உட்டுனு இருந்த டப்பாவுக்கு இப்போ யாரு மூக்க அடைச்சது?"

கண்ணப்பனின் பாட்டு நின்றது.

நான்கு நாளைக்கு முன்னால் நடந்தது அது. டிக்கியின் தரையில் துரு தின்ற ஓட்டைகள் ஆறு. பெட்ரோல் வாடை உள்ளே வருகிறது, புடவை நாறுகிறது என்று அவன் மனைவி காந்தா காரில் ஏற மறுத்துவிட்டாள். கண்ணப்பன் இளவழகனைக் கூப்பிட்டான். ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைப்பதில் இளவழகனை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. ஓட்டைக்கு இருநூறு கேட்டான். கண்ணப்பன் விடுவானா? ஆறு ஓட்டைக்கு ஆயிரம் என்று முடித்தான். முடித்த கையோடு, வழக்கமாகக் கேட்கிற கொசுறையும் கேட்டான்.

அப்போது இளவழகன் டிக்கிக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தான். "இங்க ஓரத்துல ஒண்ணு கீதுண்ணா. ஆனா இது ஓட்டை மாதிரி இல்ல. ரப்பர் குழா வாய் மாதிரி கீது. வாடை இதுலதான் தூக்கலா வருது."

"ஓட்டைன்னா ஓட்டைதான்டா. காசு குடுக்க மாட்டேன். கொசுறா அடை."

படகுக்காரனுக்குத் திறந்திருக்கிற எந்த வாயும் எதிரிதான். நார் வைத்து, பசை ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் போகாதபடி அடைத்துவிட்டான். அன்றிலிருந்து வாடை இல்லை. காந்தா ஏறி உட்கார்ந்து கோயிலுக்கும் போய்வந்தாள். அப்போது டாங்கி முக்கால்வாசி காலி. காலி டாங்கியில் காற்று நிறைய இருந்ததால் மூச்சு முட்டவில்லை. இன்றைக்கு வாய்வரை நிரப்பியதும் முட்டிக்கொண்டது. நின்றபோதெல்லாம் மூடியின் இடுக்கில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போனதால்தான் மறுபடி மறுபடி கிளம்பியது.

கண்ணப்பன் இதை ஒளிக்கத்தான் பார்த்தான். ஆனால் முனியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் முகத்தை நண்டு பார்க்கிற மாதிரி பார்த்தாள்; ஓடு கெட்டியா, உள்ளே சதை இருக்கிறதா என்று. இரண்டு மைல் தாக்குப் பிடித்தான். அப்புறம் கக்கிவிட்டான்.

"கொசுறா?" என்றாள். "காசு குடுக்காம வாங்கினது?"

"ஆமாம்."

"எண்பத்தஞ்சாயிரத்துக்கு எதிர்ல கொண்டுபோய் நிறுத்திச்சே, அந்தக் கொசுறு?"

"அறுபத்திரண்டு. பேசி முடிச்சாச்சு."

நீலமேகம் தலையணையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. டாக்டர் பயந்த குலுக்கல் ரோட்டில் வரவில்லை, இங்கேதான் வந்தது.

போன் அடித்தது. ஸ்டீபன். "சார், பார்ட்டு புக் பண்ணட்டுமா? அட்வான்ஸ்..."

கண்ணப்பன் நடந்ததைச் சொன்னான். ஸ்டீபன் சிரித்தான், நல்ல சிரிப்பு. "மொதல்ல மூடியத் தொறந்து பாக்கச் சொல்லியிருக்கணும் சார். எனக்குத் தோணல. அந்தக் குழாய்ல கீற பசைய மட்டும் வெட்டிட்டுப் புதுக் குழாய் மாட்டுங்க. வாடை வராத மாதிரி அடிப்பக்கமா வெளிய உடுங்க. வண்டி தங்கம் சார்."

"உனக்கு எவ்ளோ குடுக்கணும்?"

"பேசினதுக்கு முந்நூறு."

"சரி" என்றான் கண்ணப்பன். முனியம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். எட்டு வருஷத்தில் ஒரு விலைக்கு அவன் முதல் வார்த்தையாகச் 'சரி' சொல்லி அவள் கேட்டதில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று அவன் நெற்றியைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, முகம் வெறுமனே தெளிந்திருந்தது.

ஏரி தெரிந்தது. பத்து மணி ஆறு நிமிஷம். கோட்டைக்குப்பத்துக்குள் திரும்பும்போதே ஒலிபெருக்கி கேட்டது. எந்த வேலையும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்காத ஊர் அன்றைக்கு மட்டும் ஆரம்பித்திருந்தது.

"முப்பத்தெட்டு" என்றார் தெய்வசிகாமணியின் குரல்.

"நீ எத்தினியாவது?" என்றான் கண்ணப்பன்.

"நாப்பத்தொண்ணு."

காரைக் கோயில் வாசலுக்கு எவ்வளவு அருகே விட முடியுமோ அவ்வளவு அருகே விட்டான். இரண்டு பேரும் தாங்கிப் பிடிக்க நீலமேகம் இறங்கினார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சொன்ன நடை: ஒரு அடி, ஒரு மூச்சு, ஒரு அடி. கூட்டம் பார்த்தது; விலகி வழி விட்டது.

"நாற்பத்தொன்று. நீலமேகம்!"

ஒரு அடி. ஒரு மூச்சு.

"நீலமேகம்! ரெண்டாம் தரம்!"

"வந்துனு கீறாரு!" முனியம்மாவின் குரல் ஒலிபெருக்கியைத் தூக்கிச் சாப்பிட்டது. "கண்ணு தெரியலியா உனக்கு? மூணாவது தரம் வாயத் தொறந்தியோ, பானைய உன் தலையிலயே கவுத்துடுவேன்!"

தெய்வசிகாமணி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு மைக்கை வாயிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது தரத்துக்கு எவ்வளவு இடைவெளி விடலாம் என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை.

நீலமேகம் பானை வரைக்கும் வந்தார். குனிய முடியாது. இரண்டு பேர் பானையைத் தூக்கி அவர் இடுப்புக்கு நேராகப் பிடித்தார்கள். கையை விட்டார். சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்தார்.

"இன்னா வந்துது?" என்றாள் முனியம்மா.

"முகத்துவாரத்துப் பக்கம். மூணாம் முறை."

ஆகா என்று சொல்ல ஒன்றுமில்லை. ஐயோ என்று சொல்லவும் இல்லை. வலை கட்டலாம், இறால் வரும், வருஷம் ஓடும். முனியம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, போய் ஒரு நாற்காலி தேடிக் கொண்டுவந்தாள்.

கூட்டத்தில் இளவழகன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கண்ணப்பனைக் கண்டதும் பல்லைக் காட்டினான். "ண்ணா, வாடை நின்னுதா?"

"வாடையும் நின்னுச்சு, வண்டியும் நின்னுச்சுடா. நாளைக்கு வந்து ஏழாவத தோண்டி எடு."

"அடைக்கிறதுதான் கொசுறு, தோண்டறதுக்குக் காசு ஆவும்."

"சரி" என்றான் கண்ணப்பன். அது அன்றைக்கு இரண்டாவது சரி.

வெயில் ஏறியது. நீலமேகம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். முனியம்மா அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தாள். பாதி குடித்ததும் மீதியைக் கண்ணப்பனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, கார் நிழலில் குந்தினான். கடைசிப் பெயர் கூப்பிடும் வரை மூவரும் அங்கேயே இருந்தார்கள்; எழுந்து போக யாருக்கும் அவசரம் இல்லை.

தெய்வசிகாமணி நோட்டை மூடுமுன் பானையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். பிறகு மைக்கை இழுத்து வாசித்தார்: "ஊர்த் தலைக்கட்டு அறுபத்திரண்டு. போட்ட சீட்டு அறுபத்திரண்டு. எடுத்த சீட்டு அறுபத்திரண்டு. பானையில் மீதி இல்லை. வராதவர் இல்லை."